அத்தியாயம் 7: ஸ்டிக்கரை எடுப்பது, திரும்ப ஒட்டுவது

பழைய பிளாஸ்டிக் பொம்மையில் முதலில் கெட்டுப்போவது ஸ்டிக்கர்தான். பொம்மையின் உடல் முப்பது நாற்பது வருடம் தாங்கிவிடும். அதன்மேல் ஒட்டிய காகிதம் அதற்குள் ஓரம் தூக்கும், பழுப்பேறும், சுருங்கும். ஆனால் பொம்மைக்கு முகம் கொடுப்பது அதுதான். வண்டியின் எண், ரோபோவின் மார்புச் சின்னம், விமானத்தின் இறக்கையில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை எல்லாமே ஸ்டிக்கரில் இருப்பவை. சக்கரம் உடைந்தால் அதே மாதிரி இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டலாம். அசல் ஸ்டிக்கர் கிழிந்தால் மாற்று கிடைப்பது மிக அரிது. அதனால் இந்த வேலையில் நாம் காப்பாற்ற வேண்டியது முதலில் ஸ்டிக்கரை, அடுத்துதான் பொம்மையை.

மங்களூர், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கத்து ஷோகேஸ்களில் இரண்டு வகைப் பொம்மைகளைப் பார்க்கலாம். ஒன்று, சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்த மாமாவும் சித்தப்பாவும் பெட்டியில் கொண்டுவந்தவை. இன்னொன்று, இங்கேயே செய்தவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல், எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கி, 1987இல் உற்பத்திக்கு வந்தது. அது கோவாவில் செய்து விற்ற ஜி.ஐ. ஜோ வீரர்களையும் வண்டிகளையும் இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். அமெரிக்கப் பதிப்பில் இல்லாத வண்ணச் சேர்க்கைகள் அவற்றில் இருப்பதுதான் காரணம். அந்த வண்டிகளோடு ஒரு ஸ்டிக்கர் தாளும் வரும்; ஒட்டுவது வாங்கிய பிள்ளையின் வேலை. ஆகவே இன்று நம் கைக்கு வரும் வண்டிகளில் பலவற்றில் ஸ்டிக்கர் கோணலாக இருக்கும், கொடி தலைகீழாக இருக்கும், அடியில் காற்றுக்குமிழி இருக்கும். இவற்றைச் சரிசெய்ய முடியும்.

இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விருத்தாசலம் பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் அங்கே உண்டு. பீங்கான் கோப்பையில் படம் ஏற்றுவது எப்படி என்று இங்கே பலருக்குத் தெரியும். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, படத்தை நகர்த்திக் கோப்பைமேல் ஏற்றி, ரப்பர் பட்டையால் நீரைத் தள்ளி, காயவிட்டு, மறுபடி சூளையில் வைப்பார்கள். 700, 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த வண்ணம் கண்ணாடிப் பூச்சோடு உருகி ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு அது உரியாது. கோப்பைமேல் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பிளேடால் வழிக்கலாம், தின்னர் தொட்டுத் துடைக்கலாம். கண்ணாடிப் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. பொன் விளிம்பு இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். இந்தப் பழக்கத்தோடு பிளாஸ்டிக் பொம்மையிடம் போனால் பொம்மை போய்விடும். பிளாஸ்டிக்கைச் சூளையில் வைக்க முடியாது என்பதால் அதில் படம் பசையை மட்டும் நம்பியே நிற்கிறது. பசையை இளக்கும் பல திரவங்கள் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே இளக்கும்.

எடுக்கத்தான் வேண்டுமா?

ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தால் முழு ஸ்டிக்கரையும் எடுக்காதீர்கள். மூலைக்கு அடியில் உள்ள தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, குண்டூசி முனையில் துளிப் பசை வைத்து, வழவழப்பான தாள் ஒன்றை மேலே போட்டு விரலால் அழுத்தினால் போதும். கோணலாக ஒட்டப்பட்டு முப்பது வருடம் ஆன ஸ்டிக்கரையும் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவதுதான் என் தீர்ப்பு. ஒரு பிள்ளையின் கை ஒட்டியது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடக் கெட்டியான காரணம் ஒன்று இருக்கிறது. வெள்ளை, சாம்பல் நிற பிளாஸ்டிக் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும். ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கும். அதை எடுத்து நேராக ஒட்டினால் கோணலான ஒரு வெள்ளைத் தடம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஸ்டிக்கர் இருந்தபோது தெரிந்த கோணலைவிட அது அசிங்கமாகத் தெரியும்.

எடுத்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. ஸ்டிக்கருக்கு அடியில் திருகாணி இருந்து வண்டியைத் திறக்க வேண்டியிருக்கலாம். கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு படத்தை மறைத்துக்கொண்டிருக்கலாம். மஞ்சளான உடலை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்கப் போகிறீர்கள் என்றால் ஸ்டிக்கரை எடுக்காமல் முடியாது. பெராக்சைடு அச்சு மையையும் வெளுத்துவிடும். பழைய கணினி சேகரிப்பவர்கள் 2008 வாக்கில் பிரபலமாக்கிய முறை அது. அப்படி வெளுத்த உடல் சில வருடத்தில் மறுபடி மஞ்சளாவதும் உண்டு என்பதால், அதற்காக நல்ல ஸ்டிக்கரை ஆபத்தில் விட வேண்டுமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

இரண்டு உறுப்புகளின் குறுக்கே ஒட்டிய ஸ்டிக்கர் தனி ரகம். லெகோ பொம்மைகளில் இது அடிக்கடி வரும். கட்டைகளைப் பிரித்தால் ஸ்டிக்கர் கிழியும். அதை உரிப்பதைவிட, புது பிளேடால் இணைப்புக் கோட்டின் வழியே ஒரே இழுப்பில் அறுத்துவிடுவது நல்லது. திரும்பச் சேர்க்கும்போது கோடு கண்ணுக்குத் தெரியாது.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1985 முதல் அவற்றில் சதுரமான சிறு ஸ்டிக்கர் ஒன்று வந்தது. விரலால் தேய்த்தால் சூட்டுக்கு நிறம் மாறி ரோபோ எந்தப் படையைச் சேர்ந்தது என்று காட்டும். அசலா போலியா என்று பார்க்க நிறுவனம் சேர்த்தது அது. அதற்குச் சூடு காட்டாதீர்கள், திரவம் எதையும் தொடாதீர்கள், எடுக்கவே வேண்டாம்.

எந்த பிளாஸ்டிக் என்று தெரியாமல் தொடாதீர்கள்

பொம்மையின் அடிப்பக்கத்தில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் வேலை சுலபம். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், 2 என்றால் பாலிஎத்திலீன், 3 என்றால் பி.வி.சி., 6 என்றால் பாலிஸ்டைரீன். ஏ.பி.எஸ். 7க்குள் வரும். எண் இல்லாவிட்டால், கழற்ற வரும் சிறு உறுப்பு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். பாலிபுரோப்பிலீனும் பாலிஎத்திலீனும் மிதக்கும், மற்றவை மூழ்கும். திருகாணியோ காற்றறையோ உள்ள உறுப்பைப் போட்டால் விடை தப்பாக வரும்.

மிதக்கும் ரகம் மழுங்கலாக, மெழுகு தடவியதுபோல இருக்கும். எந்தப் பசையும் அதில் முழுமையாகப் பிடிக்காது. எடுப்பது சுலபம், திரும்ப ஒட்டி நிற்கவைப்பதுதான் கஷ்டம். ஏ.பி.எஸ். கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். நல்ல பொம்மைகளில் பெரும்பாலும் இதுதான். பாலிஸ்டைரீன் எளிதில் நொறுங்கும், தட்டினால் டக்கென்று உலோகம்போல் ஒலிக்கும். திரவங்களுக்கு மிகவும் பயப்பட வேண்டியது இதற்குத்தான். விமானக் கண்ணாடி, காரின் முன்கண்ணாடி போன்ற தெளிவான உறுப்புகளில் ஸ்பிரிட் பட்டால்கூட மயிரிழை விரிசல் விழலாம். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். வெள்ளி முலாம் பூசிய உறுப்புகளுக்கும் அதே சட்டம்.

அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெயின்ட் தின்னர், பெட்ரோல் ஆகிய நான்கும் இந்த வேலை நடக்கும் அறைக்குள்ளேயே வரக் கூடாது. ஏ.பி.எஸ்., பாலிஸ்டைரீன் இரண்டையும் அசிட்டோன் கரைத்துவிடும். நீலகிரித் தைலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்துச் சீட்டை எடுக்க அதைத்தான் தேய்ப்பார்கள். எவர்சில்வருக்கு அது அருமையான மருந்து. பாலிஸ்டைரீன்மேல் அதைத் தேய்த்தால் மேற்பரப்பு பிசுபிசுத்து மழுங்கிவிடும். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த ஸ்டிக்கர் நீக்கிகளும் அப்படியே.

எடுக்கும் நாள்

முதலில் கைபேசியில் நேராக மேலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம் எடுங்கள். பிறகு டிரேசிங் பேப்பரை மேலே விரித்து, ஸ்டிக்கரின் விளிம்பையும் அதற்கு அருகே உள்ள திருகாணிக் குழி, மடிப்புக் கோடு போன்ற நகராத அடையாளங்களையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். திரும்ப ஒட்டும் நாளில் கண் அளவை நம்பினால் நிச்சயம் அரை மில்லிமீட்டர் தப்பும். டிரேசிங் தாள் தப்பாது.

கத்திரி வெயில் மாதத்து மதியத்தில் இந்த வேலை வேண்டாம். பசை கூழாகி இழையிழையாக வரும், விரலில் வியர்வை இருக்கும். காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

சூடு காட்டுவது பசையை இளக்கத்தான், பிளாஸ்டிக்கை இளக்க அல்ல. ஏ.பி.எஸ். 100 டிகிரிக்கு மேல்தான் இளகும் என்றாலும் மெல்லிய உறுப்புகள் அதற்கு முன்பே நெளியும். வினைல் ஸ்டிக்கர் அதற்கும் முன்பே சுருங்கும். நமக்குத் தேவை 45, 50 டிகிரிதான். புறங்கையில் காட்டினால் தாங்கக்கூடிய சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஹேர் டிரையரைவிட எனக்குப் பிடித்தது வெந்நீர் பாட்டில். சின்னக் கண்ணாடி பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நிரப்பி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஸ்டிக்கர்மேல் இரண்டு நிமிடம் சாய்த்து வைத்தால் சூடு மெதுவாக, ஒரே சீராக இறங்கும். ஒருபோதும் எல்லை மீறாது. கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

சூடேறியதும் நகத்தால் கிள்ளித் தூக்காதீர்கள். தூக்கும்போது ஸ்டிக்கர் மடங்கும். மடங்கிய இடத்தில் மை வெடிக்கும். அந்த வெள்ளைக் கோடு பிறகு போகவே போகாது. ஸ்டிக்கரைப் படுத்த நிலையிலேயே வைத்து, பசையை மட்டும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு நூல்தான் சரியான கருவி. மெடிக்கல் கடையில் கிடைக்கும் பல் இடுக்கு நூல், இல்லாவிட்டால் மிக மெல்லிய தூண்டில் நரம்பு. இரண்டு ஆட்காட்டி விரல்களிலும் சுற்றி, இறுக்கமாகப் பிடித்து, ஒரு மூலையின் அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நூல் பிளாஸ்டிக் பரப்போடு ஒட்டியே போக வேண்டும். முன்னோக்கித் தள்ளாதீர்கள், இழுப்பின் போக்கில் அது தானாக முன்னேறும். சூடு ஆறினால் நிறுத்திவிட்டு மறுபடி பாட்டிலை வையுங்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள ஸ்டிக்கருக்குப் பத்து நிமிடம் ஆனால் அது சரியான வேகம்.

பள்ளத்துக்குள் ஒட்டிய ஸ்டிக்கருக்கு நூல் நுழையாது. செல்போன் பழுதுபார்க்கும் கடையில் திரையைத் திறக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் முக்கோணம் வைத்திருப்பார்கள், பத்து இருபது ரூபாய்க்குத் தருவார்கள். அதன் ஓரத்தைப் பொடி உப்புத்தாளில் தேய்த்து இன்னும் மெல்லியதாக்கிக்கொண்டால் பள்ளத்தின் ஓரத்தில் நுழையும். இரும்பு பிளேடை இங்கே கொண்டுவராதீர்கள். அது பிளாஸ்டிக்கில் கோடு இழுத்துவிடும்.

மிகப் பழைய ஸ்டிக்கர்களில் பசை ஏற்கெனவே காய்ந்து பொடியாகியிருக்கும். அவற்றுக்குச் சூடே வேண்டாம், நூல் பட்டதும் வந்துவிடும். எதிர்பாராமல் பறந்துபோகாதபடி மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது

இரு சக்கர வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் கடை விருத்தாசலத்திலும் திட்டக்குடியிலும் பேருந்து நிலையம் பக்கம் இருக்கும். அவர்கள் வினைலை உரித்த பிறகு எறிகிற வழவழப்பான அடித்தாள் நமக்குப் பொன். சிலிகோன் பூசிய அந்தத் தாளில் பசை நிரந்தரமாகப் பிடிக்காது. கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். எடுத்த ஸ்டிக்கரை அதன்மேல் படுக்கவைத்து, மேலே இன்னொரு தாள் போட்டு, கனமான புத்தகத்துக்குள் வையுங்கள். செய்தித்தாளிலும் பாலித்தீன் கவரிலும் வைத்தால் ஒட்டிக்கொண்டு நாசமாகும்.

பொம்மையில் மிச்சமிருக்கும் பசையை முதலில் விரல் நுனியால் உருட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் உருண்டு வந்துவிடும். செலோடேப்பை அதன்மேல் ஒட்டி ஒட்டி எடுத்தால் மீதியில் கொஞ்சம் வரும். பிறகும் இருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி கால் மணி நேரம் விடுங்கள். மெதுவான வழிதான், ஆனால் ஏ.பி.எஸ்.ஸை அது ஒன்றும் செய்யாது. கடைசி ஆயுதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பஞ்சுக் குச்சியில் தொட்டு, முதலில் பேட்டரி மூடியின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். தூரிகையால் தீட்டிய கண், நேரடியாக அச்சிட்ட எழுத்து ஆகியவை ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும். வேலை செய்யும் இடத்தில் சாமி விளக்கோ ஊதுவத்தியோ எரியக் கூடாது; ஆவி குப்பென்று பற்றும்.

முடிவில் சோப்புத் தண்ணீரால் கழுவி, குடிநீர் கேன் தண்ணீரில் அலசுங்கள். நம் பக்கத்து போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். அந்தப் படிவின்மேல் எந்தப் பசையும் நிற்காது. எண்ணெய் தடவிய இடத்தை இரண்டு முறை கழுவுங்கள்.

திரும்ப ஒட்டுவது

பழைய பசை இன்னும் பிசுக்கென்று இருந்தால் அதுவே போதும். காய்ந்திருந்தால் அதன்மேல் புதுப் பசையைப் பூசாதீர்கள், கட்டிகட்டியாகத் தெரியும். காய்ந்த பொடியைத் தூரிகையால் தட்டி நீக்கிவிட்டு, பிறகு என்ன பசை என்று முடிவுசெய்யுங்கள். காகித ஸ்டிக்கருக்கு, நடுவில் தாளோ நுரையோ இல்லாத, பசைப் படலம் மட்டுமே உள்ள மிக மெல்லிய இருபக்க டேப் நல்லது. ஸ்டிக்கரின் பின்புறத்தில் ஒட்டி, விளிம்போடு விளிம்பாகக் கத்தரித்துவிடலாம். அது கிடைக்காவிட்டால் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து நீர்க்கவைத்துத் தூரிகையால் ஒரே பூச்சு. வழவழப்பான பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பசை முழு பலத்தோடு பிடிக்காது. நமக்கு அது குறையில்லை, நாளைக்கு இன்னொருவர் சேதமில்லாமல் எடுக்க முடியும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளைத் தொடவே தொடாதீர்கள். அவற்றின் ஆவி சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகைபோலப் படியும். ஒட்டியதை அடுத்த தலைமுறைகூடப் பிரிக்க முடியாது.

வினைல் அல்லது பிளாஸ்டிக் ஸ்டிக்கராக இருந்தால் ரேடியம் கடைக்காரர் முறையைப் பின்பற்றுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, பொம்மையின் பரப்பில் மெல்லிதாகத் தெளித்து, ஸ்டிக்கரை மேலே வைத்தால் அது வழுக்கும். டிரேசிங் தாளைப் பக்கத்தில் பிடித்து, சரியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ள நேரம் கிடைக்கும். இடம் சரியானதும் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தில் துணி சுற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீரைத் தள்ளுங்கள். கோப்பைமேல் படம் ஏற்றுகிற கைக்கு இது புதிதல்ல. காகித ஸ்டிக்கருக்கு இந்த ஈர முறை கூடாது. காகிதம் ஊறி மை கலங்கும். அதை உலர்ந்தபடியே, ஒரு விளிம்பை மட்டும் முதலில் பொருத்தி, மீதியை மெதுவாகப் படுக்கவைக்க வேண்டும்.

ஒட்டியதும் ஷோகேஸுக்குக் கொண்டுபோக அவசரப்படாதீர்கள். அழுத்தத்தால் பிடிக்கும் பசைகள் முழு பலம் பெற மூன்று நாள் ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள். பாலிபுரோப்பிலீன் பொம்மையாக இருந்தால் ஒரு வாரம் கழித்து மூலைகளை ஒரு தரம் பாருங்கள், தூக்கியிருந்தால் இருபக்க டேப்புக்கு மாறுங்கள். பி.வி.சி.யால் ஆன மெத்தென்ற பொம்மைகளில் வேறொரு தொல்லை உண்டு. பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் வருடக்கணக்கில் வெளியே கசிந்து பசையைக் கூழாக்கும். அங்கே எந்த முறையும் நிரந்தரமில்லை. ஸ்டிக்கரை அடித்தாளில் தனியாக வைத்துப் பாதுகாப்பதே நல்லது.

நகல் ஸ்டிக்கர்

அசல் தாள் முழுதாக, ஒட்டாமல் கையில் இருந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, வினைலில் அச்சிட்டு அந்த நகலை ஒட்டுங்கள். கிழிந்த ஸ்டிக்கருக்கும் இதே வழி: துண்டுகளைச் சேர்த்து ஸ்கேன் செய்து, கணினியில் கோட்டை இணைத்து, அச்சிடலாம். அசல் காகிதமாக இருந்திருந்தால் நகலையும் காகிதத்திலேயே அச்சிடுங்கள். பளபளக்கும் வினைல் பழைய பொம்மையில் துருத்திக்கொண்டு தெரியும். கிழிந்த அசல் துண்டுகளை ஒருபோதும் எறியாதீர்கள், அடித்தாளில் வைத்துப் பொம்மையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

நகல் ஒட்டிய பொம்மையை விற்கும்போது அதைச் சொல்லி விற்க வேண்டும். இன்றைய அச்சில் நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம், வாங்குபவர் உங்கள் வாயைத்தான் நம்புகிறார். எந்த ஸ்டிக்கரை எப்போது எடுத்தீர்கள், என்ன பசை போட்டீர்கள், எது நகல் என்று ஒரு சீட்டில் தேதியோடு எழுதிப் பொம்மையின் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.